குத்துக்குப் பேரம்

“ரெண்டு குத்து. அதுக்கு மேல பேச்சே இல்ல!” என்றார் ஜவுளிக்கடைக்காரர்.

“மூணுன்னு வெச்சுக்கலாம் சார்” என்று கெஞ்சினாள் ரத்தம் எடுக்கும் பெண்.

அவருக்குச் சிறுநீரகக் கோளாறு வந்ததிலிருந்து மாதாமாதம் இதே பேரம்தான். போன மாதம் ஆறு குத்தியும் நரம்பு அகப்படவில்லை. இன்றும் அவள் கைவிரித்தால், டாக்டர் மாத்திரையைக் குத்துமதிப்பாகத்தான் எழுத வேண்டும்.

தன் முறைக்காகக் காத்திருந்த ஓர் அம்மாள் எழுந்து வந்தார்.

“கையைத் தொங்கப் போடுங்க. வெந்நீர்ப் பை இருந்தா குடும்மா.”

கை சூடேறியதும் விரலால் அமுக்கிப் பார்த்தார். “இங்க ஓடுது. சின்ன ஊசியாப் போடு” என்றவர், கடைக்காரரின் பிடரியை மெல்லத் தடவிக்கொடுத்தார். “அசையக் கூடாது. சமர்த்துல்ல?”

“எனக்கு அறுபது வயசும்மா!” என்று அவர் முறைப்பதற்குள் குழாய் நிறைந்துவிட்டது. ஒரே குத்து!

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “நீங்க டாக்டர்தானே? எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லுங்க, இனிமே அங்கேயே வந்துடறேன்.”

“தாராளமா வாங்க. ஆனா கூடையில வெச்சுத்தான் தூக்கிட்டு வரணும்” என்று சிரித்தார் அம்மாள். “நான் வைத்தியம் பார்க்கிறது பூனைங்களுக்கு.”

கடைக்காரர் ஒரு கணம்தான் யோசித்தார்.

“கூடை என்ன சைஸ்ல வேணும்?”