தாளாளரும் முதலையும்

பள்ளிப் பேருந்திலும் டைரியிலும் தண்ணீர்த் தொட்டியிலும் தன் படத்தைப் போட்டுக்கொண்ட தாளாளர் வரதப்பன், ஸ்மார்ட் போர்டு வந்ததும் பெருக்கல் வாய்ப்பாட்டு விளையாட்டின் நாயகனுக்கும் தன் முகத்தையே வைக்கச் சொன்னார். கணக்கு டீச்சர் மரகதவல்லியைப் பிள்ளைகள் எதிரிலேயே "பழைய பஞ்சாங்கம்" என்று ஏசி, அவள் சாக்பீஸைக் குப்பையில் போட்டவர் ஆசைப்பட்டால் செய்யாமல் இருக்க முடியுமா? அவளும் மனதாரச் செய்துகொடுத்தாள். விடை சரியென்றால் வரதப்பன் பாலத்தில் ஓரடி நடப்பார். தப்பென்றால் ஆற்றில் விழுவார். முதலை அவரை நிதானமாக மென்று தின்னும். தாளாளர் விளையாடிப் பார்த்தபோது அவளே பக்கத்தில் நின்று விடை சொன்னதால், அவர் முதலையைப் பார்க்கவில்லை.

வகுப்பை ஆய்வு செய்ய வந்து, தாளாளரின் நீண்ட வரவேற்புரையைக் கேட்டு முடித்த கல்வி அதிகாரி, "ஒம்பதெட்டு எவ்வளவும்மா?" என்றார். முதல் ரேங்க் செண்பகா போய்ப் போர்டில் பதினொன்றைத் தொட்டாள். முதலை மென்றது. அடுத்து வந்தவர்களும் தப்பாகவே தொட்டார்கள்.

"ஒண்ணுமே சொல்லித் தரலையா நீங்க?" தாளாளர் பல்லைக் கடித்தார்.

"வாயால கேளுங்க சார்" என்று மரகதவல்லி அதிகாரியிடம் சொன்னாள்.

அதிகாரி கேட்டார். "எழுபத்திரண்டு" என்று வகுப்பே முழங்கியது.

அதிகாரி தாளாளரைப் பார்த்தார். போர்டைப் பார்த்தார். பிறகு தானே எழுந்துபோய் அடுத்த கேள்வியின் முன் நின்றார். ஈரெண்டு எவ்வளவு? அவர் விரல் நாலைத் தாண்டி மெல்ல நகர்ந்தது.