பெயரில்லாத சாவி

மத்தியான வெயில் திரைச்சீலையின் இடுக்கு வழியே வந்து விசைப்பலகையின் மேல் கோடு போடுகிறது. மருத்துவமனையின் சர்வரைப் பராமரிக்கிறவள் வாரந்தோறும் செய்கிற வேலையில் இருக்கிறாள். புதிய பாதுகாப்புத் திருத்தங்களை ஏற்றிவிட்டு, உள்ளே நுழைய யார் யாருக்கு அனுமதி இருக்கிறது என்று சரிபார்க்கிறாள். யாருடையது என்று தெரியாத ஒரு டிஜிட்டல் சாவி அந்தப் பட்டியலில் கிடக்கிறது. அம்மாவின் அறுவை சிகிச்சைக்காக இவள் விடுப்பில் இருந்தபோது சேர்க்கப்பட்டது. "நிம்மதியா போங்கக்கா, நான் பாத்துக்கறேன்" என்று கையைப் பிடித்து அனுப்பிவைத்த சக ஊழியை எதிர் மேசையில் ஏதோ தட்டச்சு செய்துகொண்டிருக்கிறாள். வெளியாள் எவனோ புகுந்துவிட்டான் என்றுதான் இவளுக்குத் தோன்றுகிறது. அந்தச் சாவியால் திறந்த இணைப்பு இப்போதும் ஓடுகிறது. நோயாளிகளின் கோப்புகள் ஒவ்வொன்றாக வெளியே போய்க்கொண்டிருக்கின்றன. பதறிப்போய்ச் சாவியை நீக்கி, இணைப்பைத் துண்டிக்கிறாள். எதிரே தட்டச்சுச் சத்தம் சட்டென்று நிற்கிறது.

"அக்கா, நெட் போயிடுச்சா?"

"இல்லையே, எனக்கு வருதே."

சொல்லி முடிப்பதற்குள் இவளுக்கு விளங்கிவிடுகிறது. எதிர் மேசைக்காரி நிமிர்கிறாள். இவள் முகத்தைப் பார்த்ததும் அவள் கை மடிக்கணினியின் மூடியை மெல்லச் சாய்க்கிறது.

"அக்கா, அது வந்து..."

இவள் திரைக்குத் திரும்பி, அனுமதிப் பட்டியலில் தான் சிபாரிசு செய்து வேலைக்குச் சேர்த்தவளின் பெயரைத் தேடி அழிக்கிறாள்.