வெர்னாவின் பெயரில் ஒரு ஜோடி

"யாருக்குன்னு கேட்டா என்ன சொல்லுவே?"

"எனக்குத்தான்னு சொல்லுவேன்."

"எதுக்குன்னு கேட்டா?"

"நரி வந்து கோழியைத் தூக்கிட்டுப் போகுது."

"பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒப்பிக்காதேடி, தத்தி! சாதாரணமா சொல்லு." ராய்ஸ் பக்கத்தில் இருந்த வெர்னாவை அதட்டிவிட்டுப் பிக்கப் வண்டியின் ஜன்னல் வழியே காறித் துப்பினான். எதிரே துப்பாக்கிக் கடையை அப்போதுதான் திறந்திருந்தார்கள்.

அமெரிக்காவின் மோன்டானாவில் ஆம்பிளையாகப் பிறந்துவிட்டுத் துப்பாக்கி இல்லாமல் இருப்பது ராய்ஸுக்குக் கை இல்லாமல் இருப்பது போல. மதுக்கடையில் ஒருவன் தாடையைப் பாட்டிலால் உடைத்து இரண்டு வருடம் உள்ளே இருந்தவன், எட்டு மாதமாகப் பரோலில், நிபந்தனையோடு வெளியே இருக்கிறான். அவன் துப்பாக்கியைத் தொட்டதாகத் தெரிந்தாலே போதும், திரும்ப உள்ளே தள்ளிவிடுவார்கள்.

அதனால்தான் அவன் பழைய காதலி வெர்னாவின் பெயரில் வாங்குவது. அந்த எட்டு மாதமும் அவள் வீட்டில், அவள் பேக்கரிச் சம்பளத்தில்தான் ஐயாவின் சாப்பாடு. இரண்டு முறை வெளியே போகச் சொல்லிப் பார்த்தாள். "போகலைன்னா என்னடி பண்ணுவே?" என்று கேட்டுக் கதவை உதைத்தான். அதோடு வாயை மூடிக்கொண்டாள்.

கடைக்குள் அவன் யாரோ போலத் தூண்டில் கம்புகள் பக்கம் போய் நின்றுகொண்டான். வெர்னா கல்லாவுக்குப் போய், அவன் எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்துக் கேட்டாள். கடைக்காரர் ஆர்லன் கார்பைன் என்ற குட்டை ரைபிள் ஒன்றையும் ஒரு பிஸ்டலையும் எடுத்து வைத்தார்.

"ரெண்டுக்கும் தோட்டா ஒண்ணுதாம்மா. ஆனா தோட்டா அடைக்கிற மேகசின் வேற. இதுல இருக்கறது அதுல ஏறாது. அவசரத்துல மாத்திச் சொருகிட்டுத் திண்டாடுவீங்க. யாரு சொன்னது இந்த ஜோடியை?"

"எல்லாம் தெரிஞ்ச ஒருத்தர்."

"ஒரு மண்ணும் தெரியாது அந்த ஆளுக்கு."

ராய்ஸுக்குக் காது சிவந்தது. கிழட்டுப் பயல்! வெளியே எங்கேயாவது மாட்டினால் பல்லைக் கழற்றிக் கையில் கொடுத்திருப்பான். இங்கே வாயைத் திறக்க முடியாது. வாங்குவது அவன் என்று தெரிந்தால் ஆர்லன் விற்கவே மாட்டார்.

"அப்ப பொருந்துற ஜோடியா நீங்களே காட்டுங்க" என்றாள் வெர்னா.

ஆர்லன் வேறு இரண்டை எடுத்தார். பிஸ்டலின் மேகசினை உருவிக் கார்பைனில் சொருகிக் காட்டினார். வெர்னா பிஸ்டலைக் கையில் பிடித்துப் பார்த்தாள், பிடி அவள் கைக்கு அளவாக இருந்தது. கார்பைனைத் தோளில் வைத்தும் பார்த்தாள்.

'தன் கைக்கு அளவு பார்க்குது பார், கழுதை' என்று ராய்ஸ் பல்லைக் கடித்தான். யார் பிடிக்கப்போவது? சரி, தொலையட்டும். கிடைத்தவரை லாபம். கொட்டகையில் வைக்கோலுக்கு அடியில் ஒளித்து வைத்தால் எவனுக்குத் தெரியும்?

அப்போது கதவு திறந்து ஷெரிஃப் ஆபீஸ் போலீஸ்காரனான டெப்யூட்டி ஒருவன் சீருடையோடு உள்ளே வந்தான். தோட்டா வாங்க வந்தவன் கல்லாவில் சாய்ந்துகொண்டு, ஆர்லனின் காப்பியை உரிமையோடு ஊற்றிக் குடித்தான். ராய்ஸ் தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பினான். இந்த முண்டம் உளறிவிடக் கூடாதே!

ஆர்லன் படிவத்தை நீட்டினார். "இதை உண்மையிலேயே வாங்கறது நீங்கதானே? வேற யாருக்காவது வாங்கிக் குடுத்தீங்கன்னா ஜெயில்மா, பார்த்துக்கங்க."

"எனக்குத்தான்" என்றாள் வெர்னா.

"எதுக்கும்மா?"

"வீட்டுக் காவலுக்கு."

நரியும் கோழியும் எங்கே போச்சு? நாலு வார்த்தையை நினைவில் வைத்துக்கொள்ளத் துப்பில்லை இவளுக்கு! ராய்ஸ் மனதுக்குள் திட்டித் தீர்த்தான்.

"வீட்டு விலாசமும் எழுதணுமா?" என்று கேட்டாள் வெர்னா.

"கண்டிப்பா. எந்த வீட்ல இருக்கீங்களோ அது."

"நல்லது" என்று நிதானமாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அவள் மேல் வழக்கு ஏதும் இருக்கிறதா என்று பார்க்க, ஆர்லன் போனில் விவரம் சொல்லிக் காத்திருந்தார். ராய்ஸுக்கு அந்த ஐந்து நிமிடம் ஐந்து வருடமாகப் போனது.

"சரியா இருக்கும்மா. எடுத்துக்கங்க."

ராய்ஸுக்கு மூச்சு வந்தது. அட, தத்தியும் ஒரு வேலையை முடித்துவிட்டதே! சிரிப்பை அடக்கிக்கொண்டு அவள் பின்னால் வந்து, "பெட்டியைத் தூக்கு, போகலாம்" என்று காதோரம் கிசுகிசுத்தான்.

வெர்னா பெட்டியைத் தூக்கவில்லை. டெப்யூட்டி பக்கம் திரும்பினாள்.

"சார், ஒரு சந்தேகம். பரோல்ல இருக்கறவங்க, துப்பாக்கி இருக்கற வீட்ல தங்கலாமா?"

"ஒரு ராத்திரிகூடத் தங்கக் கூடாது. தங்கினா அன்னைக்கே தூக்கிடுவோம்" என்றான் அவன், காப்பியை உறிஞ்சியபடி.

ராய்ஸின் கால் தானாகக் கதவுப் பக்கம் நகர்ந்தது. வெர்னா அவன் சட்டைக் கையை எட்டிப் பிடித்தாள்.

"அப்ப இந்த ஆளுக்கு வேற இடம் பாருங்க சார், என் வீட்டுக்குத் துப்பாக்கி வருது!"