மரியாதையாகக் கேட்ட குக்கி

அன்று கூடத்தில் இருந்தவர்கள் பெரியவர், அவர் மனைவி, மகன், மகள், மகனுக்குப் பெண் கொடுக்க வந்திருந்த சம்பந்தி.

கல்யாண மண்டபம் பார்க்க மகள் கணினியைத் திறந்தாள். திரை முழுக்க ஆண்களுக்கான விக் விளம்பரம்!

சம்பந்தி மகனின் தலையை உற்றுப் பார்த்தார். "மாப்பிள்ளைக்குச் சொந்த முடிதானே?"

"இந்த வீட்ல யாரோ விக் தேடியிருக்காங்க மாமா. வெப்சைட்ல 'குக்கி'ன்னு ஒண்ணு சம்மதம் கேக்கும். கொடுத்துட்டா, நாம தேடினதைக் குறிச்சு வெச்சு அதையே திரும்பத் திரும்பக் காட்டும்" என்று மகள் வெகுளியாக விளக்கினாள்.

"அப்ப சரி, நான் கிளம்பறேன்!" சம்பந்தி எழுந்துவிட்டார்.

குடும்ப மானம் வாசல்வரை போய்விட்டது. பெரியவர் முதுகை நிமிர்த்தினார். தன் கருகரு முடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"தேடினது நான். அந்தக் குக்கி சம்மதமான்னு மரியாதையா கேட்டுச்சு. கேட்டவங்களுக்கு இல்லைன்னு சொல்லி எங்க குடும்பத்துல பழக்கமில்ல, சம்பந்தி."

சம்பந்தி சிரித்தபடி உட்கார்ந்தார்.

மாப்பிள்ளைக்கு வழுக்கை என்று வெளியே ஒரு பேச்சு உலவுகிறது. சுத்தப் பொய். வழுக்கை அப்பாவுக்குத்தான்.