மார்லிஸுக்கு ஒரு துப்பாக்கி

மொன்டானாவில் முப்பது வருஷமாகத் துப்பாக்கி விற்கிறார் ஆர்லோ. இப்படிச் செல்லச் சண்டை போடும் ஜோடி ஒன்று அவர் கடைக்குள் வந்ததே இல்லை.

“எனக்கு இந்த .357 குண்டுத் துப்பாக்கி போதும். கைக்கு அடக்கமா இருக்கு” என்றாள் மார்லிஸ்.

“அதை வெச்சு ஆட்டுக்குக் கிச்சுகிச்சு மூட்டவா போறே?” என்றார் வெண்டெல். “போட்டியில இருநூறு மீட்டர் தள்ளி இலக்கா நிக்கிறது இரும்பு ஆடு. குண்டு பட்டா மட்டும் பத்தாது, அது கீழே விழணும். பேசாம பெரிய குண்டு போடற .44 எடு.”

“மணிக்கட்டு கழண்டுடுமே!”

“கனமானதா எடுத்தா சுடும்போது பின்னால உதைக்கிறது குறையும். ஆர்லோ, அந்தப் பத்து அங்குலக் குழல் இருக்கறதைக் குடுங்க.”

மார்லிஸ் அதை இரண்டு கையாலும் நீட்டிப் பிடித்துப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது. “இதுதான்!”

“இவ்வளவு அக்கறையான வீட்டுக்காரர் கிடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும்மா” என்றார் ஆர்லோ.

இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

“வீட்டுக்காரரா? ஞாயித்துக்கிழமை இறுதிப் போட்டியில என்னை எதிர்த்துச் சுடப்போறவரே இவர்தான்! என் துப்பாக்கி நேத்து உடைஞ்சுபோச்சு. விலகிக்கறேன்னு சொன்னேன், விடாம இழுத்துட்டு வந்துட்டார்.”

“பின்னே? ஆறு வருஷமா இவகிட்டயே தோக்கறேன். எதிராளி வராம ஜெயிச்சா, அது ஒரு ஜெயமா?”

ஞாயிற்றுக்கிழமை ஆர்லோவும் போட்டி பார்க்கப் போனார். ஒரே ஒரு ஆட்டைக் கூடுதலாகச் சாய்த்து மார்லிஸ் ஜெயித்தாள். கூட்டத்தில் முதல் தொப்பி வானத்துக்குப் பறந்தது, வீசியவர் வெண்டெல்.