சிவப்புக் கோடிட்ட பக்கம்

1994 மார்ச் 12, சனிக்கிழமை, காலை ஒன்பதேகால், தூறல். சோம்பாவில் சபைச் செயலர் கெனாமு தம் வீட்டு முற்றத்தில் அமர்ந்திருக்கிறார். உள்ளே பெண்களின் பாட்டுக்கு நடுவே, ஞானஸ்நானம் பெறாமல் இறந்த அவருடைய ஒன்பது நாள் மகள். மடியில் இறையியல் நூல் விரிந்திருக்கிறது. ஞானஸ்நானத்தைப் பற்றிய அந்தப் பக்கத்தில் அவரே இட்ட சிவப்புக் கோடு. அதைக் காட்டித்தான் சென்ற ஆண்டு, இதேபோல் ஞானஸ்நானம் பெறாமல் இறந்த, சபைப் பெண் நேசியின் குழந்தையைக் கல்லறை வேலிக்கு வெளியே புதைக்கச் செய்தார். துளி விழுந்து கோடு கசிகிறது. குழிவெட்டிகளின் தலைவன் பிண்டானி ஒரு தாளை நீட்டுகிறான். "வேலிக்கு உள்ளயே வெச்சுக்கலாம்னு சபை மூப்பருங்க எழுதிட்டாங்கண்ணே. நீங்க கையெழுத்துப் போட்டா மண்வெட்டிய எடுப்போம். உங்க சட்டத்துக்கு இன்னிக்கு ஒருநாள் லீவு விடுங்க." கெனாமு நூலை மூடாமல் அதன்மேல் தாளை வைத்து, 'உள்ளே' என்பதை அடித்து, 'வெளியே, நேசியின் குழந்தைக்கு அருகில்' என்று திருத்தமாக எழுதிக் கையொப்பமிட்டு, பிண்டானியிடம் கொடுக்கிறார்.