ஆன் கேடிஸுக்கு வேலை இல்லை

"ஆன் கேடிஸுக்கு இங்கே வேலை இல்லை. நீ கிளம்பலாம்."

தண்ணி பாட்டில் வைக்கப் போன நான் அப்படியே நின்னுட்டேன்.

சொன்னது எங்க மிஸ் டேனா. அட்லாண்டாவில் இந்த சாஃப்ட்வேர் கம்பெனிக்குத் துணைத் தலைவர். பன்னிரண்டாவது மாடியில் தனி அறை வெச்சிருக்கிற ஒரே கறுப்பினப் பெண். வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருக்கிற எனக்கு அதில் எவ்வளவு பெருமை தெரியுமா? சர்ச்சில் அவங்களைப் பத்திப் பேசாம நான் வீடு திரும்பின ஞாயித்துக்கிழமையே கிடையாது.

இன்டர்வியூவுக்கு வந்து எதிரே உட்கார்ந்திருந்ததும் நம்ம கறுப்பினப் பொண்ணுதான். இருபத்தஞ்சு வயசிருக்கும். பொடிப் பொடியாப் பின்னின முடியை இறுக்கிக் கொண்டை போட்டிருந்தா. ஒரு மணி நேரமா கேட்ட கேள்விக்கெல்லாம் எழுந்து எழுந்து போய் பலகை பூரா எழுதித் தள்ளினதை நானே கண்ணாடி வழியா பார்த்தேன்.

"நான் ஏதாவது தப்பா சொல்லிட்டேனா மேடம்?"

"பதில்ல ஒரு தப்பும் இல்லை. உங்க வீட்டுல உன்னை எப்படிக் கூப்பிடுவாங்க?"

அவ தலை குனிஞ்சுது. "கியோனா."

"அப்போ ஆன் யாரு?"

"நானே வெச்சுக்கிட்ட பேர் மேடம். கியோனான்னாலே கறுப்பினப் பொண்ணுன்னு தெரிஞ்சுடும். அந்தப் பேர்ல நாற்பது இடத்துக்கு விண்ணப்பம் அனுப்பினேன். ஒருத்தர்கூட கூப்பிடலை. அதே படிப்பு, அதே மார்க், பேரை மட்டும் மாத்தினேன். ஒரே வாரத்துல ஆறு போன்!"

கொஞ்சம் தயங்கிட்டு, மெதுவா சொன்னா. "உங்க கம்பெனிக்கும் முதல்ல கியோனான்னுதான் அனுப்பினேன்."

மிஸ் டேனா முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு. "சரி, நீ கிளம்பு"ன்னு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாங்க.

லிஃப்டுக்குக் காத்திருந்தப்போ அந்தப் பொண்ணு பொலபொலன்னு அழுதுட்டா. "எங்கம்மா ஆசையா வெச்ச பேர் ஆன்ட்டி. அதை மறைச்சும் வேலை கிடைக்கலைன்னு அவங்ககிட்ட எப்படிச் சொல்வேன்?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நேரா உள்ளே போனேன்.

"நீங்க பண்ணினது நல்லாவே இல்லை மிஸ் டேனா! வெள்ளிக்கிழமை டைரக்டர்கள் கூடி கம்பெனித் தலைவரைத் தேர்ந்தெடுக்கப் போறாங்க. பட்டியல்ல உங்க பேரும் இருக்குன்னதும் நம்ம ஜனங்க கண்ணுக்குத் தெரியலையா? ஏறி வந்த ஏணியை எட்டி உதைக்கிறீங்களே!"

"திட்டி முடிச்சிட்டீங்களா மிஸ் எர்னஸ்டீன்? அந்தப் பொண்ணுக்குப் போன் போடுங்க. நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு கியோனா கேடிஸை வரச் சொல்லுங்க. சொந்தப் பேர்ல விண்ணப்பத்தோட."

"சொல்றது சுலபம். டேனான்னு வெள்ளைக்காரங்க மாதிரி வழுவழுன்னு பேர் வெச்சிருக்கிற உங்களுக்கு அந்த வலி எப்படித் தெரியும்?"

அவங்க லேசா சிரிச்சாங்க. அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்புச்சு.

மறுநாள் காலையில நான் வந்தப்போ, மிஸ் டேனா அறை வாசல்ல ஒருத்தர் ஸ்டூல் மேல ஏறி பேர்ப்பலகையைக் கழட்டிக்கிட்டிருந்தார்.

ஐயோ கடவுளே, இவங்களையே வீட்டுக்கு அனுப்பிட்டாங்களா?

கழட்டின இடத்துல அவர் புதுப் பலகையை மாட்டினார். 'டஷாண்டா விட்லோ, துணைத் தலைவர்.'

"இது யாரு புதுசா?"ன்னு கேட்டேன்.

"நான்தான்." பின்னாடி மிஸ் டேனா நின்னுக்கிட்டிருந்தாங்க. "எங்கம்மாவும் ஆசையாத்தான் பேர் வெச்சாங்க மிஸ் எர்னஸ்டீன். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னாடி, ஒரு போன் வராதான்னு நானே அதை வெட்டி எறிஞ்சு டேனா ஆனேன். வெள்ளிக்கிழமைப் பட்டியல்லயும் இந்தப் பேரைத்தான் போடச் சொல்லியிருக்கேன். வேணும்னா எடுத்துக்கட்டும், வேண்டாம்னா விடட்டும்."

நான் அந்தப் பலகையை இன்னொரு தடவை படிச்சேன்.

அதுக்குள்ள லிஃப்ட் திறந்துச்சு. அந்தப் பொண்ணு கையில காகிதத்தோட வந்து, பலகையைப் பார்த்துட்டு அப்படியே நின்னுட்டா.

"உள்ளே வா கியோனா"ன்னு கையை நீட்டினாங்க அவங்க. "எனக்கும் இங்கே இன்னிக்குத்தான் முதல் நாள்."